வேனுக்குள்ளே ஒரு சமையலறை: கரியாலூர் ஏறும் முன் எதை ஏற்றலாம், எதை இறக்கலாம்?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலைப்பாதையைப் பிடித்ததும் வண்டி வளைய ஆரம்பிக்கும். முதல் திருப்பத்தில் ஒண்ணும் தெரியாது. இரண்டாவதில் பின்னாலிருந்து 'டங்'னு ஒரு சத்தம். மூன்றாவதில் எண்ணெய் பாட்டில் உருளும். நாலாவதில், பின் சீட்டில் இருக்கிறவர் பாதி திரும்பி உட்கார்ந்து, ஒரு கையால் தோசைக்கல்லையும் இன்னொரு கையால் இட்லி மாவு டப்பாவையும் பிடித்துக்கொண்டிருப்பார். மாவு சும்மா இருக்குமா? அடிவாரத்து வெயிலில் நன்றாகப் புளித்து, வண்டி குலுங்கக் குலுங்கப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எங்களுக்கு வந்தது. கரியாலூர் போய்ச் சேர்ந்தபோது டிபனுக்கு மாவு இல்லை. கார்ப்பெட்டில் நிறைய இருந்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஆளுக்கொரு ஹோட்டல் காத்திருக்கும் இடம் கிடையாது. கரியாலூரில் படகு இல்லம் இருக்கிறது, போகிற வழியில் பெரியார் நீர்வீழ்ச்சி இருக்கிறது, டீக்கடைகள் இருக்கின்றன. ஆனால், ராத்திரி 9 மணிக்குப் பசித்தால் ஆப்பைத் திறந்து ஆர்டர் போடலாம் என்று நினைத்துப் போகிற மலை இது இல்லை. அதனால்தான் ஆம்னியோ, ஈகோவோ, டெம்போ டிராவலரோ, கையில் இருக்கிற வண்டியையே வீடாக்கிக்கொண்டு, சமைத்துச் சாப்பிட்டுச் சுற்றிவர நினைப்பவர்களுக்கு இது நல்ல மலை. நம் சமையல் சாமானுக்கும் நல்ல பரீட்சை.

நம் ஊரில் 'கேரவன்' என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஓய்வெடுக்கும் வண்டிதான் பலருக்கு ஞாபகம் வரும். அமெரிக்காவில் 'ஆர்.வி' என்று சொல்லி, குடும்பத்தோடு மாதக்கணக்கில் அதிலேயே வாழ்கிறார்கள். பக்கத்துக் கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை அறிவித்துவிட்டது. இதையெல்லாம் ரீல்ஸில் பார்த்துவிட்டு, நாமும் ஆன்லைனில் தேட ஆரம்பிப்போம். மடக்குகிற கிண்ணம், டைட்டானியம் டம்ளர், 12 வோல்ட் குக்கர்னு ஒரு பெரிய கூடை நிறைந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

'லைட் வெயிட்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் நாம் பாத்திரத்தின் கிராமைத்தான் பார்க்கிறோம். வண்டியில் நிஜமான கனம் வேறு இடத்தில் இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. நாலு பேர், இரண்டு நாள். குடிக்க மட்டும் ஆளுக்கு தினம் 3 லிட்டர் வைத்தால் 24 லிட்டர். சமைக்க, கழுவ, கை அலம்ப என்று சேர்த்தால் 40 லிட்டரைச் சுலபமாகத் தொடும். அதாவது இரண்டு வாட்டர் கேன், 40 கிலோ. ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால், அடுப்பு உட்பட மொத்தச் சமையல் சாமானும் 10 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

இப்போது சொல்லுங்கள், டம்ளரில் 100 கிராம் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவு பண்ணுவது புத்திசாலித்தனமா, கழுவுவதற்கு 10 லிட்டர் குறைவாகச் செலவாகிற மாதிரி சமைப்பது புத்திசாலித்தனமா? ஒரு பாத்திரத்தைக் கையில் எடுக்கும்போது 'இது எவ்வளவு கனம்?' என்று கேட்பதைவிட, 'இதைக் கழுவ எவ்வளவு தண்ணி ஆகும்?' என்று கேளுங்கள். பாதி சாமான் தானாகக் கழன்றுகொள்ளும்.

தட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஸ்டீல் தட்டு நாலு எடுத்தால் வேளைக்கு நாலு கழுவணும். தையல் இலை எடுத்தால் கழுவும் வேலையே இல்லை. மந்தாரை இலையில் தைத்தது காய்ந்த நிலையில் காகிதம் மாதிரிதான் இருக்கும். 20 இலை அடுக்கினாலும் ஒரு புத்தகத்தின் தடிமன்தான் வரும். சாப்பிட்டு முடித்து மாட்டுக்குப் போடலாம், மட்கவும் செய்யும். 'பேப்பர் பிளேட் வாங்கிக்கலாமே' என்பீர்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. மலை ஏறும்போது பையைத் திறந்து பார்த்தால் பிரச்னை நமக்குத்தான். டம்ளர் மட்டும் ஆளுக்கு ஒன்று ஸ்டீலில், ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி வீட்டுப் பரணில் இருக்கிறது பதில்

ஒன்றுக்குள் ஒன்று என்றதும் ஞாபகம் வருகிறது. இடத்தை மிச்சம் பிடிக்கும் பாத்திரத்துக்கு ஆன்லைனில் 'நெஸ்டிங் குக்வேர்' என்று பெயர் வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம் வீட்டில் அதன் பெயர் அடுக்கு. கல்யாணச் சீரில் வந்து, பரணில் தூங்கிக்கொண்டிருக்கும். ஐந்து பாத்திரம் ஒரு பாத்திரத்தின் இடத்தில் உட்காரும். அதில் நடுவில் இருக்கும் இரண்டை மட்டும் உருவிக்கொண்டால் போதும்.

அதைவிடப் பெரிய ஆச்சர்யம் டிபன் கேரியர். வண்டிக்குச் சமையல் சாமான் வடிவமைக்கச் சொல்லி ஒரு இன்ஜினீயரிடம் கொடுத்தால், அவர் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். நிமிர்ந்து நிற்கும், அகலம் கேட்காது. ஒரு தட்டு அடுத்ததற்கு மூடி. பக்கத்துக் கொக்கியைப் பூட்டினால் எந்தத் திருப்பத்திலும் திறக்காது. போகும்போது கீழ்த்தட்டில் அரிசி, அடுத்ததில் பருப்பு, மேலே நறுக்கிய காய், உச்சியில் வெங்காயம் பூண்டு. சமைத்து முடித்ததும் அதே தட்டுகளில் சோறு, குழம்பு, பொரியல். தனி டப்பா, தனி பரிமாறும் பாத்திரம் இரண்டுமே தேவைப்படாது. நாலு அடுக்கு ஸ்டீல் கேரியர் வாங்கும்போது கொக்கி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். லூஸ் கொக்கி, கரியாலூர் ரோட்டில் சாம்பாரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அஞ்சறைப் பெட்டியும் அப்படித்தான். ஆனால், உள்கிண்ணங்களுக்கு மேலே தட்டு ஒன்று அழுத்தி உட்காருகிற மாதிரி இருக்கும் பெட்டியாகப் பாருங்கள். இல்லையென்றால் மஞ்சளும் மிளகாய்த்தூளும் கடுகும் முதல் 10 கிலோமீட்டரிலேயே சமாதானமாகக் கலந்துவிடும்.

எல்லாப் பழசும் பொன் இல்லை, அதையும் சொல்லணும். ஈயச்சொம்பை வண்டியில் ஏற்றாதீர்கள். ரச வாசனைக்கு அதை மிஞ்ச எதுவும் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால், அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் சொம்பு ஒரு நிமிடம் தீயில் இருந்தாலே அடி போய்விடும். குனிந்து, காற்றில், அரை வெளிச்சத்தில் சமைக்கிற இடத்தில் அந்த ஒரு நிமிடம் கட்டாயம் வரும். அதேபோல, இரும்பு தோசைக்கல். இரண்டரை, மூன்று கிலோ கனம் என்பது பாதிப் பிரச்னைதான். மீதிப் பாதி, அடுப்பை அணைத்த பிறகும் அரை மணி நேரம் கொதித்துக்கொண்டிருக்கும் அந்தக் கல்லை வண்டிக்குள் எங்கே வைப்பது என்பது. சீட்டிலா, ரெக்சின் மேலா? இரண்டு நாள் தோசை இல்லாமல் இருக்கலாம், தப்பில்லை.

எந்த உலோகம்?

கைக்கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு, ஒரே தடிமன் என்றால் அலுமினியத்தைப் போல எவர்சில்வர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். இரும்பும் அதே மாதிரிதான். பித்தளை இன்னும் கொஞ்சம் கூட. டைட்டானியம் இரண்டுக்கும் நடுவில்.

அப்படியானால் அலுமினியம் எடுத்துவிடலாமா? நம் சமையலில் புளி இருக்கிறது, தக்காளி இருக்கிறது. சாதா அலுமினியத்தில் புளிக்குழம்பு வைத்தால் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், ருசியும் மாறும். மிச்சக் குழம்பை அதிலேயே ராத்திரி முழுக்க வைப்பது இன்னும் மோசம். அதனால் கடாய் ஒன்றை ஹார்டு அனடைஸ்டு அலுமினியத்தில் வாங்குங்கள். கறுப்பாக, மேல்பரப்பு கெட்டியாக இருக்கும். கனம் குறைவு, சூடு சீராகப் பரவும், புளியும் அவ்வளவாகத் தொடாது. கைப்பிடி கழற்றுகிற மாதிரி இருந்தால் இடம் பாதியாகும். ஆனால், கைப்பிடியின் பூட்டைக் கடையிலேயே நாலு தடவை போட்டு ஆட்டிப் பாருங்கள். கொதிக்கும் எண்ணெயோடு கைப்பிடி கழன்றால் அதை மன்னிக்கவே முடியாது.

டைட்டானியம் வெந்நீர் போட, டீ போட அருமை. மலையேற்றக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவதற்குக் காரணம் இருக்கிறது, அவர்கள் முதுகில் சுமக்கிறார்கள். நம் சுமையை இன்ஜின் சுமக்கிறது. மெல்லிய டைட்டானியத்தில் சூடு பரவாது, தீ படுகிற இடம் மட்டும் கருகும். அதில் உப்புமா கிண்டிப் பாருங்கள், பிறகு சுரண்டுவதற்கே ஒரு கேன் தண்ணீர் போகும்.

நான்ஸ்டிக் கழுவச் சுலபம்தான். ஆனால், வெறும் பாத்திரத்தை முழுத் தீயில் காயவிடக் கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பித்துப் புகை விடும். வண்டி மாதிரி சின்ன இடத்தில் அந்தப் புகை வேண்டாம். மடக்குகிற சிலிகான் கிண்ணங்கள் பார்க்க அழகு, கீரை கழுவவும் பாத்திரம் தேய்க்கும் தொட்டியாகவும் நன்றாக உழைக்கும். சாம்பார் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மஞ்சள் கறை போகாது, பூண்டு வாசனை அடுத்த வருஷமும் இருக்கும்.

ஒரே ஒரு பாத்திரம்தான் எடுக்கலாம் என்றால்...

3 லிட்டர் பிரஷர் குக்கர். யோசிக்கவே வேண்டாம்.

மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். கணக்குப்படி ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். 1,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். 'சீக்கிரம் கொதிச்சா நல்லதுதானே' என்று தோன்றும். கொதிப்பது சீக்கிரம், வேகுவது தாமதம். துவரம்பருப்புக்குத் தெரியும் அந்த வித்தியாசம். குக்கருக்குள் 120 டிகிரிக்குப் பக்கத்தில் போவதால் மலையில் ஏறினாலும் அது பெரிதாகக் கவலைப்படாது. கேஸும் மிச்சம், ஆவியாகும் தண்ணீரும் மிச்சம்.

உள்ளே இரண்டு அடுக்குப் பாத்திரம் வைத்தால் கீழே பருப்பு, மேலே சோறு, ஒரே தீயில் முடிந்தது. சோறு வைத்த பாத்திரம் பளிச்சென்று இருக்கும், குக்கரைக் கழுவவே வேண்டியதில்லை. போகும்போது குக்கருக்குள்ளேயே டம்ளர், கரண்டி, டீத்தூள் டப்பா எல்லாவற்றையும் அடைத்து மூடிவிடலாம். குக்கர் அப்போது ஒரு பெட்டி. கேஸ்கெட் மட்டும் உபரியாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அது கிழிந்தால் மலையில் குக்கர் வெறும் குண்டான்தான்.

கல்வராயன் மலைக்குப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாகச் சாமையும் தினையும் விளைவிக்கிறார்கள். கிடைக்கும் இடத்தில் ஒரு கிலோ சாமை அரிசி வாங்குங்கள். கொஞ்ச நேரம் ஊறவைத்தால் புழுங்கலரிசியைவிடச் சீக்கிரம் வேகும், கேஸ் குறைவாகப் பிடிக்கும். பருப்பும் சேர்த்துப் போட்டு, இறக்கி, மிளகு தட்டித் தாளித்தால் பொங்கல். ஒரு குக்கர், ஒரு தாளிப்புக் கரண்டி, முடிந்தது. அடிவாரத்திலிருந்து 5 கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்கு இது எவ்வளவோ மேல்.

வண்டி ஓடும்போதே சோறு வேகணுமா? அதற்கும் வழி இருக்கிறது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் அமைப்பு 'சூடாறாப்பெட்டி' என்று ஒன்றைப் பிரபலமாக்கியது. அரிசியைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, பாத்திரத்தோடு சூடு போகாத பெட்டிக்குள் வைத்துவிட்டால் மீதி வேக்காடு தீயில்லாமலே நடக்கும். இங்கே கடைகளில் 'தெர்மல் குக்கர்' என்று கேட்டால் இதே வேலையைச் செய்கிற பாத்திரத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அடிவாரத்தில் கொதிக்கவிட்டு மூடினால் மேலே போய்ச் சேரும்போது சோறு தயார். இதைச் சாதா பாத்திரத்தில் செய்யுங்கள். பிரஷர் ஏறிய குக்கரை ஓடும் வண்டியில் ஏற்றவே கூடாது. போய்ச் சேர்ந்ததும் சாப்பிட்டும் விடுங்கள், வெதுவெதுப்பான சோறு மணிக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும்.

12 வோல்ட் ஆசை

கார் சார்ஜர் பாயின்ட்டில் செருகிச் சமைக்கலாம் என்று ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். சின்னக் கணக்கு. அந்த பாயின்ட்டில் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் வரும். 12 வோல்ட்டோடு பெருக்கினால் 120 வாட். 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, சூடு துளிகூட வீணாகாமல் இருந்தாலே, சுமார் 45 நிமிடம். நிஜத்தில் ஒரு மணி நேரம் ஆகும். நாலு பேருக்கு டீ போடுவதற்குள் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டே வந்துவிடலாம்.

'அப்போ இன்வெர்ட்டர் போட்டு இண்டக்‌ஷன் அடுப்பு?' 1,500 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியை அதன் ஆயுள் கெடாமல் பாதிதான் பயன்படுத்தலாம். அது 20 நிமிடத்துக்கு வரும். பேட்டரியே 30 கிலோவை நெருங்கும். வண்டியோடு வந்த பேட்டரியில் இதை முயற்சி செய்தால் மறுநாள் காலை எல்லோரும் இறங்கித் தள்ளணும், அதுவும் மலையில். நீங்கள் தங்குகிற இடத்தில் பிளக் பாயின்ட் கிடைக்கும் என்றால் மட்டும், நூடுல்ஸும் வேகவைக்கிற மாதிரி சின்ன மின் கெட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு நாலும் அரைத்தும் வதக்கியும் கையில் இருந்தால் மிக்ஸிக்கு வேலையே இல்லை.

தீ... இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்

இதுவரை சொன்னதில் எதைத் தப்பாக வாங்கினாலும் நஷ்டம் பணம்தான். அடுப்பு விஷயம் அப்படியில்லை.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் ரயில் பெட்டி, ஸ்டேஷன் பக்கத்தில் தனியாகக் கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. பத்து நாளாக அதுதான் அவர்களுக்கு வீடு. ரயிலில் தடை செய்யப்பட்ட கேஸ் சிலிண்டரை உள்ளே வைத்திருந்தார்கள். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அவர்கள் செய்ய நினைத்தது பெரிய விருந்தெல்லாம் இல்லை. காலையில் எழுந்ததும் எல்லோரும் செய்கிற வேலைதான்.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் இன்னொன்று. சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். தீ இல்லை, காயம் இல்லை. ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழைந்திருந்தது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஜெனரேட்டர் மட்டுமில்லை, ஜன்னலைச் சாத்திய வண்டிக்குள் எரிகிற கேஸ் அடுப்பும், குளிருக்கு வைத்த கரி அடுப்பும் அதே வாயுவைத்தான் விடும். டிசம்பர் ராத்திரியில் மலையில் குளிரும்போது 'உள்ளேயே பத்தவெச்சுக்கலாம், ரெண்டு நிமிஷம்தானே' என்று யாராவது சொல்வார்கள். அந்த ஆளாக நீங்கள் இருக்காதீர்கள்.

அதனால் வண்டிச் சமையலறையை வண்டிக்கு வெளியே வையுங்கள். சாமான் எல்லாம் பின்பக்கம் ஒரு பெட்டியில். நிறுத்தியதும் டிக்கிக் கதவைத் திறந்து, மடக்கு மேஜை போட்டு, அடுப்பை அதன் மேல் வண்டியிலிருந்து தள்ளி வைக்க வேண்டியதுதான். மழை வந்தால் ஒரு தார்ப்பாய். இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. வண்டியை அறுத்து, வெல்டு வைத்து நிரந்தரச் சமையலறை கட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே வரும், ஆர்.டி.ஓ அனுமதி வேண்டும். தூக்கி வைத்து எடுக்கிற பெட்டிக்கு அந்தத் தலைவலி இல்லை.

எந்த அடுப்பு? வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் வேண்டாம். உள்ளே இருக்கும் கேஸோடு முழுதாக 30 கிலோவை ஒட்டி வரும். அடிக்கடி போகிறவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் சரி. இந்தியன் ஆயிலின் 'சோட்டு' மாதிரி, முகவரிச் சான்று கேட்காமல் அடையாள அட்டையைக் காட்டினாலே கொடுப்பது. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் என்று வைத்தாலும் 25 நாள் ஓடும். வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் போகிறவர்களுக்கு, பெட்டிக்குள் அடங்கும் பியூட்டேன் கேன் அடுப்பு போதும். 220 கிராம் கேன் முழுத் தீயில் ஒன்றரை மணி நேரம் வரும், நாளைக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள்.

கேன் அடுப்பில் இரண்டு தப்பை நிறைய பேர் பண்ணுகிறார்கள். ஒன்று, அடுப்பைவிடப் பெரிய கடாயை வைப்பது. கடாயின் சூடு பக்கத்திலிருக்கும் கேன் மேல் இறங்கும். இன்னொன்று, மலைக்காற்றுக்கு மறைப்பாக அடுப்பைச் சுற்றித் தகரத்தால் மூடுவது. சூடு வெளியே போக வழியில்லாமல் கேன் காய்ந்து வெடிக்கக்கூடும். காற்று வரும் பக்கம் மட்டும் மறையுங்கள். கேனில் '50 டிகிரிக்கு மேல் வைக்காதே' என்று போட்டிருக்கும். மே மாதம் கள்ளக்குறிச்சி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் அந்தச் சூடு வருவதற்கு அதிக நேரம் ஆகாது. சாப்பிட இறங்கும்போது கேனை நிழலுக்கு எடுத்துவந்துவிடுங்கள்.

சிலிண்டர் என்றால் எப்போதும் நிமிர்ந்தே இருக்கணும், பெல்ட் போட்டுக் கட்டணும், வண்டி கிளம்பும் முன் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போடணும். எல்.பி.ஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் வண்டியின் தரையில் தேங்கும். மேல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்ற தைரியம் உதவாது. ட்யூபின் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

உங்கள் ஆன்லைன் கூடையில் டைட்டானியம் டம்ளருக்குப் பதிலாக இரண்டு பொருள் போடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம், கைக்குள் அடங்குகிற சைஸ். வண்டியில் தூங்குவதாக இருந்தால் அது இல்லாமல் கிளம்பாதீர்கள். அப்புறம் 1 கிலோ பவுடர் தீயணைப்பான். அதைச் சாமானுக்கு அடியில் புதைக்காமல் டிரைவர் சீட் பக்கம் வையுங்கள்.

விறகு பொறுக்கி அடுப்பு மூட்டுவது ரீல்ஸுக்கு நன்றாக இருக்கும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம், கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். எங்கே நிறுத்தலாம், எங்கே சமைக்கலாம் என்று வனத்துறைச் செக்போஸ்ட்டில் இறங்கிக் கேட்டுவிட்டே போங்கள்.

பெட்டி கட்டும் நேரம்

இரண்டு ராத்திரி, நாலு பேர், கரியாலூர். குக்கர், உள்ளே இரண்டு அடுக்கு. ஒரு கடாய், அதற்கும் குக்கருக்கும் பொதுவாக ஒரு தட்டு மூடி. நாலடுக்குக் கேரியர். அஞ்சறைப் பெட்டி. கரண்டி இரண்டு, தாளிப்புக் கரண்டி ஒன்று, உறை போட்ட கத்தி ஒன்று, இடுக்கி ஒன்று. இடுக்கியை மறந்தவர்கள் பனியனைக் கழற்றிக் குக்கர் இறக்கிய கதைகள் உண்டு. டம்ளர் நாலு, இலை ஒரு கட்டு, ஃபிளாஸ்க் ஒன்று. காலையில் ஒரு தடவை கொதிக்கவைத்த வெந்நீர் ஃபிளாஸ்க்கில் இருந்தால், மத்தியானம் வரை அடுப்பே வேண்டாம். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்தே வரட்டும். கட்டுச்சோறு இருக்கும் வேளைக்கு எந்தச் சாமானும் பிரிக்க வேண்டியதில்லை.

கண்ணாடி, பீங்கான் வேண்டாம். பாத்திரங்களுக்கு நடுவே பழைய வேட்டித் துண்டு, துவாலை எல்லாம் திணியுங்கள். சத்தமும் நிற்கும், கை துடைக்கவும் ஆகும், சூடான கடாயைத் துடைக்கவும் ஆகும். சாப்பிட்டதும் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் வழித்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் போதும். அந்தக் கழுவிய தண்ணீரை ஓடையிலோ, அருவிக்கு மேலேயோ ஊற்றாதீர்கள். கீழே அதைக் குடிக்கிற ஊர் இருக்கிறது. மிச்சச் சோற்றைக் குரங்குக்கு வைக்காமல் ஒரு மூடி போட்ட டப்பாவில் கட்டிக் கீழே கொண்டு வந்துவிடுங்கள்.

கனமான பெட்டி வண்டியின் தரையில், சீட்டை ஒட்டி, பெல்ட்டோடு இருக்கட்டும். பின் சீட்டில் இருப்பவர் தலைக்குப் பின்னால் எதையும் அடுக்காதீர்கள். சடன் பிரேக் போட்டால் குக்கர் பறந்து வந்து தலையைத்தான் பதம் பார்க்கும். பெட்டியை மூடும்போது எல்லாவற்றுக்கும் மேலே டீத்தூள், சர்க்கரை, வடிகட்டி, தீப்பெட்டி நாலையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். மேலே போய் இன்ஜினை நிறுத்தியதும் முதல் ஆள் கேட்கப்போவது அதைத்தான்.